கைதட்டு வாங்கிய கண்ணீர்

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா, ஹாலிவுட்டில் படங்கள் பேசத் தொடங்கிய காலத்துக் கதை ஒன்று சொல்கிறேன்.

வசனகர்த்தா மெர்வின் தன் புதுப்படத்துக்கு மனைவி ஹேசலை அழைத்துப் போயிருந்தான். திரையில் நாயகி விம்மினாள்: "போறதுன்னா போ. எங்கிட்டச் சொன்ன பொய்யையாவது அவகிட்டச் சொல்லாதே!"

கைதட்டல் கூரையைப் பிளந்தது. ஹேசல் மெர்வின் பக்கம் திரும்பினாள்.

"உன் சட்டையில உதட்டுச்சாயத்தைப் பார்த்துட்டு நான் அழுதுகிட்டே சொன்னதாச்சே இது!"

"எவ்வளவு எழுதியும் வரலை, கண்ணு. நீ அழுதா வரும்னு நானேதான் சாயத்தைப் பூசிக்கிட்டேன். அப்படி ஒருத்தியே கிடையாதுடி!" என்று சிரித்தான்.

"ஒருத்தி இருக்கான்னு நெனச்சப்பவே உன்னை மன்னிச்சுட்டேன், மெர்வின். இல்லைங்கிறியே, இதை எப்படி மன்னிப்பேன்?"

அவள் எழுந்து போய்விட்டாள்.

உங்கள் வீட்டில் யார் அழுதாலும் துடைக்க ஒரு கை இருக்கட்டும், நல்லா இருங்கள்.