முன்சில்லு

"ஒரு பந்தயத்திலையும் வெண்டதில்லையாம். பிறகென்ன பெரிய சைக்கிள் வீரர்?"

இலக்கத் துண்டுகளைக் கொடுத்துக்கொண்டிருந்த எனக்குப் பின்னால் கேட்டது. வரதராசா அண்ணையின் குரல்.

ஒஸ்லோத் தமிழர்கள் வருடாவருடம் நடத்தும் சைக்கிள் பந்தயம். இம்முறை, அம்மருட் பகுதியில் அண்ணையின் பக்கத்து வீட்டுக்காரரான லொயிக்கும் பெயர் கொடுத்திருந்தார். பிரான்சில் பல வருடம் சம்பளத்துக்குச் சைக்கிள் ஓடி ஓய்வுபெற்றவர்.

அண்ணை அவரிடமே நோர்வே மொழியில் கேட்டுவிட்டார். "வெல்லாத ஆளுக்கு எதற்குச் சம்பளம் தந்தார்கள்?"

லொயிக் சிரித்தார். "வெல்வது என் வேலை இல்லை. எங்கள் அணித் தலைவரை வெல்ல வைப்பதுதான் வேலை. தண்ணீர் கொண்டுபோய்க் கொடுப்பேன். முன்னால் ஓடி, அவருக்குக் காற்றை மறைப்பேன்."

"எடுபிடி எண்டு சொல்லுமன்" என்றார் அண்ணை, தமிழில்.

எல்லோரும் சிரித்தார்கள். விளங்காமல் லொயிக்கும் சேர்ந்து சிரித்தார்.

அண்ணைக்கு அன்று வென்றே ஆகவேண்டும். போன இரண்டு முறையும் சென்னைக்காரர் கிரிதரிடம் தோற்றிருந்தார். "இந்த முறை கப் எங்கட வீட்டுக்குத்தான்" என்று மகள் மிதுனாவுக்குச் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

சொன்னபடி வென்றும்விட்டார். மிதுனா கப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு துள்ளினாள். கிரிதர்கூடக் கைகொடுத்தார்.

ரோல்ஸும் தேத்தண்ணியும் முடிகிற நேரத்தில்தான் லொயிக் வந்தார். நடந்து. அவர் உருட்டி வந்த சைக்கிளின் முன்சில்லில் காற்றே இல்லை.

"ப்ரொஃபஷனலே லாஸ்ட்டா!" என்றார் கிரிதர். "பங்ச்சர் ஒட்டக்கூடத் தெரியாதா இவருக்கு?"

மறுபடியும் சிரிப்பு. வரதராசா அண்ணை மட்டும் கையிலிருந்த ரோல்ஸையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் லொயிக்குக்குத் தண்ணீர் கொடுத்தேன். "எங்கே காற்றுப் போனது?"

"காட்டுப் பாதையில். கண்ணாடித் துண்டு." ஒரு மிடறு குடித்தார். "யார் வென்றது?"

"வரதராசா அண்ணை."

தானே வென்றதுபோல அவர் முகம் மலர்ந்தது. "அப்படியா! நல்லது, நல்லது."

மிதுனா ஓடிவந்து அவரிடம் கப்பைக் காட்டினாள். "என்ர அப்பாதான் ஆக வேகம்!"

வரதராசா அண்ணை ரோல்ஸைக் கீழே வைத்தார். தன் சைக்கிளைக் கவிழ்த்து முன்சில்லைக் கழற்றினார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, அதை லொயிக்கிடம் நீட்டிவிட்டு, லொயிக்கின் சைக்கிளில் இருந்த, காட்டுப் பாதையில் காற்றுப்போன தன் சொந்தச் சில்லைக் கழற்றி எடுத்துக்கொண்டார்.