இரண்டு கோடு

"உண்மையைச் சொல்லுங்க. பச்சை மீன் சாப்பிட்டீங்களா, இல்லையா?"

செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று கேட்டாள் ஜின்தனா. கையில் விரல் நீளத்துக்கு ஒரு பிளாஸ்டிக் பட்டை. அதில் இரண்டு சிவப்புக் கோடுகள்.

டயர் கடையைப் பூட்டிவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்திருந்த தாவோன், ஒட்டரிசிச் சோற்றை உருட்டுவதை நிறுத்தினான். "எந்த மீன்?"

"எந்த மீனா? எலுமிச்சை பிழிஞ்சு, மிளகாயும் வறுத்த அரிசிப்பொடியும் போட்டு நீங்களும் உங்க கூட்டாளிங்களும் கொத்தித் திங்கறீங்களே, அந்த மீன்! காலையில நீங்க கொடுத்த பாட்டில்ல இதை முக்கினேன். உங்க சிறுநீரே சொல்லிடுச்சு. இனி நீங்க மறைச்சு என்ன ஆகப்போகுது?"

தாவோனின் முகம் வெளிறியது. "என் பாட்டில்தானா? நல்லாப் பார்த்தியா?"

"உங்க பேர் ஒட்டியிருக்கே! என் பாட்டில்ல ஒரே கோடுதான். சுத்தம்."

அவன் கொஞ்ச நேரம் பட்டையையே பார்த்தான். பிறகு மெதுவாக, "ஏரிக்கரையில... பசங்க கூப்பிட்டாங்க. ரெண்டு வாய்" என்றான்.

"ரெண்டு வாயா?"

"சரி, ரெண்டு தட்டு."

திட்டு விழப்போகிறது என்று தலையைக் குனிந்துகொண்டான். ஆனால் ஜின்தனா ஓடிவந்து அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"வேலை செய்யுதுங்க! என் டெஸ்ட் வேலை செய்யுது! தின்னவரைக் காட்டிக் கொடுத்திடுச்சு, தின்னாத என்னை விட்டுடுச்சு!"

தாய்லாந்தின் கோன் கேன் பக்கம் அந்த மீனைத் தின்னாத வீடு குறைவு. அதிலிருந்து ஈரலுக்குப் போகும் புழு, வருஷக்கணக்கில் சத்தமில்லாமல் குடியிருந்து, சிலருக்குப் பித்தக்குழாய்ப் புற்றுநோயில் கொண்டுபோய் விடும். ஜின்தனாவின் அப்பா அதில்தான் போனார். அன்றிலிருந்து அவள் பச்சை மீனைத் தொட்டதில்லை. மலப் பரிசோதனைக்குத் தப்பும் புழுவைச் சிறுநீரில் பிடிக்க, ஆய்வகமே கதி என்று கிடந்தாள்.

பையிலிருந்து மாத்திரைகளை எடுத்து நீட்டினாள். "போடுங்க. இன்னையோட புழு செத்துடும்."

அவன் வாங்கவில்லை. "ஒருவேளை டெஸ்ட் தப்பா இருந்தா?"

"நீங்களேதான் ஒத்துக்கிட்டீங்களே, அப்புறம் எப்படித் தப்பாகும்?"

"இல்ல... நீயும் போட்டுக்கோயேன். எதுக்கும் இருக்கட்டுமே."

"நான் எதுக்கு? மாத்திரை கசக்கும்னு துணைக்கு ஆள் தேடுறீங்களா?" சிரித்தபடி தண்ணீரைக் கொடுத்தாள்.

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் அவள் ஆய்வகத் தலைவருக்குப் போன் போட்டு, "சார், எங்க வீட்டுக்காரருக்குப் புழு இருக்கு சார்!" என்று லாட்டரி விழுந்தவள்போலக் கத்திக்கொண்டிருந்தாள். அந்தக் குரலைக் கேட்டபடியே தாவோன் மாத்திரைகளை விழுங்கினான்.

எட்டு வருஷம் ஓடியது. அந்தப் பட்டை ஊர் ஊராகப் போனது. எத்தனையோ பேர் நேரத்தோடு மருந்து சாப்பிட்டுப் பிழைத்தார்கள்.

ஜின்தனா இப்போது ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தாள். கண்ணும் தோலும் மஞ்சளாகியிருந்தன. அப்பாவுக்கு வந்த அதே புற்றுநோய். ஆபரேஷன் செய்யும் கட்டம் தாண்டிவிட்டது என்று காலையில்தான் டாக்டர் சொல்லிவிட்டுப் போனார்.

"சின்ன வயசுல அப்பாகூட உட்கார்ந்து தின்னதுதான்" என்றாள். "இத்தனை வருஷமா புழு உள்ளேயே இருந்திருக்கு."

தாவோன் அவள் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தான். நிமிரவில்லை.

"எனக்கு அது வருத்தமில்லீங்க. அன்னைக்கு என் டெஸ்ட் என்னைச் சுத்தம்னு சொல்லிச்சு. அதை நம்பி நான் மறுபடி பார்க்கவே இல்ல. என்னையே ஏமாத்தின டெஸ்ட், இன்னும் எத்தனை பேரை ஏமாத்தியிருக்கும்?" அவள் கையை நீட்டினாள். "போனை எடுங்க. தலைவர்கிட்டப் பேசணும்."

"எதுக்கு?"

"கிராமங்கள்ல நிறுத்தச் சொல்லப்போறேன். தப்பான டெஸ்ட்டைக் கொடுத்துட்டு நிம்மதியா சாக முடியாது."

அவன் போனை எடுத்தான். கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டான்.

"கொடுங்க."

"வேண்டாம், ஜின்தனா. உன் டெஸ்ட் சரியாத்தான் சொல்லிச்சு."

"ஆறுதல் சொல்லாதீங்க."

"ஆறுதல் இல்ல." அவன் போனைக் கீழே வைத்தான். "மீன் தின்னது தெரிஞ்சா நீ சும்மா விடமாட்டேன்னு பயம். அன்னைக்குக் காலையில நீ குளிக்கப் போனதும், ரெண்டு பாட்டில்லயும் பேரை மாத்தி ஒட்டிட்டேன். சாயங்காலம் நீ வந்து சொன்னப்போ, தின்ன எனக்கு இல்லாம தொடாத உனக்கு எப்படி வரும், டெஸ்ட்தான் தப்புன்னு நினைச்சேன். நீ குதிச்ச குதியைப் பார்த்துட்டு, அதைச் சொல்ல எனக்கு மனசு வரல... அந்த ரெண்டு கோடு உன்னோடது, ஜின்தனா."