நடுக்கதவு

"இன்னும் ஒரு சுத்து," என்றார் பெரியவர், தரையில் குப்புறப் படுத்தபடி.

தரைப் பலகை பெயர்த்த ஓட்டைக்குள்ளிருந்து தச்சர் தலையை நீட்டினார். "எந்திரிச்சுத் தள்ளி நில்லுங்கய்யா. உங்க கனத்தையும் சேத்துத் தூக்க இந்த ஜாக்கிக்குத் தெம்பு கிடையாது."

பெரியவர் எழுந்துபோய் நடுக்கதவில் உள்ளங்கையை வைத்துக்கொண்டார்.

கதவுக்கு இந்தப் பக்கம் அவர். அந்தப் பக்கம் தம்பி குடும்பம். அப்பா கட்டிய வீட்டை இரண்டாகப் பிரித்தபோதும், இந்தக் கதவை மட்டும் அடைக்க வேண்டாம் என்று விட்டிருந்தார்கள்.

சாயங்காலமானால் அதைத் திறந்துகொண்டு போவார். அடுப்பிலிருக்கும் பாத்திரத்தின் மூடியைத் தூக்கிப் பார்ப்பார். "எண்ணெய் கிணத்துல ஊறுதா?" என்பார். தம்பி மகள் போனில் யாரோடு பேசுகிறாள் என்று விசாரிப்பார். திரும்பும்போது அவர்கள் கூடத்து விளக்கையும் அணைத்துவிட்டு வருவார்.

ஒரு மழைக்காலத்தில் கதவு திறக்கவில்லை.

"அடிக்கட்டையெல்லாம் கரையான் தின்னுருச்சுண்ணே. நிலை இறங்கிக் கதவு இறுகிக்கிச்சு," என்றான் தம்பி அந்தப் பக்கத்திலிருந்து.

பெரியவர் யார் சொல்லையும் நம்புகிறவர் அல்ல. பாலில் விரல் விட்டுப் பார்க்கிற ஆள். டாக்டர் எழுதிய மாத்திரையை இரண்டு மருந்துக்கடையில் காட்டிக் கேட்கிற ஆள். கரையான் என்று தச்சர் சொன்னபோதுகூட, டார்ச்சோடு தானே தரைக்கு அடியில் இறங்கிக் கட்டையைக் கிள்ளிப் பார்த்தார். நனைந்த பிஸ்கட்போலக் கையோடு வந்தது.

தம்பி சொன்னதை மட்டும் உரசிப் பார்க்கவில்லை. தம்பியாயிற்றே.

மனைவி போனபின் தனிக்கட்டை. போன மாதம் குளியலறையில் வழுக்கி விழுந்து, பால்காரன் வரும்வரை ஈரத்திலேயே கிடந்தார். அந்தப் பக்கம் பாத்திரம் தேய்க்கிற சத்தம் அவருக்குக் கேட்டது. அவர் போட்ட கூச்சல் அந்தப் பக்கம் கேட்கவில்லையாம். இறுகிப்போன கதவு, பாவம், அவர்கள் என்ன செய்வார்கள்? அது திறந்துவிட்டால் ஒரு குரலுக்கு ஓடிவந்துவிடுவார்கள். அதற்குத்தான் தச்சரை வரவழைத்தார்.

அடியில் ஜாக்கி முனகியது. புதுக்கட்டைகள் தரையைத் தோளில் வாங்கிக்கொண்டன. கதவு நிலை மடக்கென்று நெட்டி முறித்தது. கதவைச் சுற்றி மெல்லிய கோடாய் வெளிச்சம் தெரிந்தது.

பெரியவருக்குச் சிரிப்பு பொங்கிவிட்டது. "டேய் தம்பி! சரியாயிருச்சுடா!"

தள்ளினார். கதவு வரவில்லை.

தச்சர் மேலே ஏறிவந்தார். ரம்பத் தகட்டை இடுக்கில் விட்டுக் கீழிருந்து மேலே இழுத்தார். தடையில்லாமல் வழுக்கிக்கொண்டு போனது. நெஞ்சு உயரத்தில் இரும்பில் இடித்து நின்றது. உருவி, அதற்கு மேலே விட்டார். தலைக்கு மேலேயும் ஓர் இரும்பு.

வெளிச்சக் கோடு அந்த இரண்டு இடங்களில்தான், ஒவ்வொரு தாழ்ப்பாள் அகலத்துக்கு, அறுந்திருந்தது.

தச்சர் பெரியவரின் முகத்தைப் பார்க்காமல் தகட்டைத் துடைத்தார்.

"இன்னும் இறுக்கமாத்தான் இருக்குண்ணே." தம்பியின் குரல் கதவுக்கு மிகப் பக்கத்திலிருந்து வந்தது. "இன்னும் கொஞ்சம் தூக்கச் சொல்லுங்க."

பெரியவர் நெஞ்சு உயரத்தில் வெளிச்சம் அறுந்த இடத்தை விரலால் தடவினார்.

"தம்பி சொல்றான்ல? தூக்குங்க மேஸ்திரி."

"இதுக்கு மேல தூக்கினா சுவரு வெடிச்சிரும்யா."

"தூக்குங்கன்னா."

தச்சர் ஓட்டைக்குள் இறங்கினார். ஜாக்கியின் கைப்பிடியை எடுத்தார். அதை ஜாக்கியில் மாட்டாமல், பக்கத்துக் கல்லில் ணங் ணங்கென்று தட்டினார்.

அவர் தட்டுவதை மேலிருந்து பார்த்துக்கொண்டேதான் நின்றார் பெரியவர்.

பிறகு கதவோடு வாயை ஒட்டிவைத்துச் சொன்னார்:

"ஆமாடா. இன்னும் இறுக்கமாத்தான் இருக்கு."