எண்ணி எட்டு

"அசையாதேம்மா. நெத்தியில மூணு, இடது கன்னத்துல நாலு, மூக்கோரம் ஒண்ணு. எண்ணி எட்டு."

மேக்கப்காரர் தூரிகையைத் துடைத்தபடி கண்ணாடியைப் பார்த்தார். அதன் மூலையில் போன வருடத்து சோப்புப் பெட்டி ஒன்று செருகியிருந்தது. பெட்டியில் இருந்த படமும் அவளுடையதுதான். பாதி முகம் பருவோடு, பாதி முகம் பளிங்கு மாதிரி.

"அந்தப் பரு பக்கம் இருக்கே, அச்சு அசல் அதே மாதிரி இருக்கு," என்றார்.

"எனக்கு இந்தப் பூச்சே வேண்டாம்ணே. என் முகத்தை இருக்கிறபடியே காட்டிட்டுப் போறேன்."

வாசலில் நின்று கைபேசியில் பேசிக்கொண்டிருந்த விளம்பர மேலாளர், பேச்சைப் பாதியில் வெட்டிவிட்டு உள்ளே வந்தார்.

"இருக்கிறபடியே காட்டினா கம்பெனியை இழுத்து மூட வேண்டியதுதான். நம்ம சோப்பு புதுப் பெட்டியில இன்னைக்குத்தான் வெளிய வருது. இன்னும் பத்து நிமிஷத்துல நேரலை. அத்தனை கடைக்காரங்களும் பாக்குறாங்க. புரியுதா?"

"எனக்குப் புரியுது சார். எட்டு மாசமா உங்க சோப்பைத் தொடலன்னு முதல் நாளே சொன்னேன். அது உங்களுக்குப் புரிஞ்சுதா?"

"அதான் மூஞ்சியைப் பாத்தாலே தெரியுதே. அதுக்காகத்தானே இவரைக் கூப்பிட்டிருக்கேன்."

மேக்கப்காரர் இல்லாத இருமலை ஒரு முறை இருமிக்கொண்டார்.

அவள் நாற்காலியைத் திருப்பி மேலாளரைப் பார்த்து உட்கார்ந்தாள். "நான் வந்தது உங்களுக்காக இல்ல சார், எங்கக்கா பொண்ணுக்காக. வெளியூர்ல இருக்கா. பதினாலு வயசு. பெட்டியில சித்தி படம் இருக்குன்னு உங்க சோப்பை ஒரு நாளைக்கு ஆறு தடவை போட்டுத் தேய்க்கிறா. கன்னமெல்லாம் உரிஞ்சு போச்சு, பரு குறைஞ்சபாடில்ல. பத்து நாளா பள்ளிக்கூடம் போகாம போர்வைக்குள்ள கிடக்கா."

"சரியாத் தேய்க்கலையோ என்னமோ. கிருமி போகணும்ல?"

"அந்தப் பளிங்குப் பாதி கம்ப்யூட்டர்ல செஞ்சதுன்னு அவளுக்கு யார் சொல்றது? நான் சொன்னா நம்பல. போன்ல எதை அனுப்பினாலும் ஏமாத்து வேலைங்கிறா. 'நேரலைன்னா நம்புறேன் சித்தி'ன்னா. அதான் வந்தேன்."

"வந்ததுதான் வந்தே, சும்மா இருந்துட்டுப் போ."

"தோல் டாக்டரம்மா எனக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்லிட்டுப் போறேன். முகத்துத் தோல் ஒரு பெரிய குடியிருப்பு மாதிரி சார். கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான உசுருங்க அங்க குடியிருக்கு. பாதிக்கு மேல நல்லதுங்க. அதுங்க இருக்கிற வரைக்கும் வம்புக்காரனுங்க வாலைச் சுருட்டிக்கிட்டு ஓரமா இருப்பானுங்க. நீங்க ஒட்டுமொத்தமா எல்லாரையும் காலி பண்ண வச்சிட்டா, பூட்டை உடைச்சுக்கிட்டு முதல்ல உள்ள வர்றவன் யாரு?"

"நாங்க சோப்பு விக்கிறோம், வீட்டுத் தரகு பாக்கல. கிருமின்னா கிருமி. அதுல என்ன நல்ல கிருமி, நாத்தனார் கிருமின்னு?"

"நாத்தனார்லயும் நல்லவங்க உண்டு சார். எல்லாரையும் ஒரே துடைப்பத்தால பெருக்கித் தள்ளக் கூடாது."

மேக்கப்காரர் சிரிப்பை அடக்க, பவுடர் டப்பாவுக்குள் எதையோ தேடினார்.

"ஊருக்கெல்லாம் ஒரே வைத்தியம் கிடையாதுன்னும் டாக்டரம்மா சொன்னாங்க," என்று அவள் விடாமல் தொடர்ந்தாள். "ஆனா, 'உனக்கு இந்தத் தேய்ப்பு ஆகாது, இன்னையோட நிறுத்து'ன்னாங்க. நிறுத்தினேன்."

"நிறுத்தினியே, அதை வச்சுத்தான் வசனமே எழுதியிருக்கேன்." மேலாளர் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். "ரெண்டே வரி. ஒரு எழுத்து கூடவும் கூடாது, குறையவும் கூடாது. அப்புறம் வாயைத் திறந்தே, தெரியும் சேதி."

அவள் தாளை வாங்கி ஒரு முறை படித்தாள். மறுபடியும் ஒரு முறை படித்தாள். காலையிலிருந்து இறுகிக் கிடந்த உதட்டோரம் லேசாக அவிழ்ந்தது.

"ஒரு எழுத்துகூட மாத்த மாட்டேன் சார்."

மேலாளர் திருப்தியாக வெளியே போனார். மேக்கப்காரர் குனிந்து அவள் கன்னத்தை மறுபடி சரிபார்த்தார். "ஈரம் படாமப் பாத்துக்கோம்மா. பட்டா என் ஒரு மணி நேர வேலை போச்சு." சொல்லிவிட்டு, ஈரத் துண்டு ஒன்றை நாலாக மடித்து அவர்தான் அவள் கையில் வைத்தார். "விளக்கு வெளிச்சத்துல கழுத்து வேர்க்கும். வச்சுக்கோ."

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். அவர் கண்ணாடியைத் துடைக்கப் போய்விட்டார்.

ஸ்டூடியோவில் சோப்புப் பெட்டிகளைக் கோபுரமாக அடுக்கியிருந்தார்கள். கேமராப் பெண் மூன்று விரல் காட்டி ஒவ்வொன்றாக மடக்கினாள். சிவப்பு விளக்கு எரிந்தது. எங்கோ ஒரு போர்வைக்குள் அக்கா மகள் பார்த்துக்கொண்டிருப்பாள்.

"எட்டு மாசமா நான் இந்த சோப்பைத் தொடல. அதனால என் முகம் எப்படி ஆகியிருக்குன்னு நீங்களே பாருங்க."

சொன்னபடியே இரண்டு வரி. ஒரு எழுத்து கூடவில்லை, குறையவில்லை. கேமராவுக்குப் பின்னால் மேலாளர் கட்டைவிரலை உயர்த்தினார்.

அவள் துண்டை விரித்தாள். நெற்றியிலிருந்து தாடை வரை அழுத்தி ஒரு இழுப்பு. கன்னத்தில் இன்னொரு இழுப்பு. பிறகு முகத்தைக் கேமராவுக்கு நேராக வைத்துக்கொண்டு நின்றாள்.

மேலாளரின் கட்டைவிரல் நின்ற இடத்திலேயே நின்றது. 'நிறுத்து, நிறுத்து' என்று மறு கையால் ஜாடை காட்டினார். கேமராப் பெண் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

அவள் துண்டை அவரிடம் நீட்டினாள்.

"இந்தாங்க சார், நீங்க வரையச் சொன்ன எட்டுப் பருவும் இதுல இருக்கு."