வெட்டவெளிச் சத்தியம்

பழைய ரோமானியர் காலக் கப்புவா நகரத்து வெண்கலப் பட்டறையில் விதவை ஒப்பியா நிற்கிறாள். கையில் சாண் உயர ஹெர்குலிஸ். தோளில் சிங்கத்தோல், முறிந்து போய்ப் புதிதாக ஒட்டிய கதாயுதம். பழுதுபார்க்க அவள் கொடுத்தது வீட்டுப் பூசைமாடத்துச் சிலை, கணவனின் பாட்டன் காலத்தது. வீட்டார் தினமும் முத்தமிட்டுத் தேய்ந்த முகவாயை விரலால் தடவிப் பார்க்கிறாள். தேய்ந்துதான் இருக்கிறது, ஆனால் அரம் போட்டதுபோல ஒரே சீராக. "ஏம்பா ரூபியஸ், இது எங்க வீட்டுச் சாமிதானா?" "என்னம்மா இப்படிக் கேட்டுட்டீங்க? வேற யாரு, என் மாமனாரா?" என்கிறான் பட்டறைக்காரன். வேலையாட்கள் சிரிக்கிறார்கள். அவள் சிரிக்கவில்லை. ரூபியஸ் சிலையின் தலையில் கைவைக்கிறான். "ஹெர்குலிஸ் சத்தியமா அதேதாம்மா." "இவர் பேர்ல பண்ற சத்தியம் கூரைக்குக் கீழ செல்லாதுன்னு உனக்குத் தெரியாதா? வெளிய வா. வானத்தப் பாத்துச் சொல்லு." துருத்தியின் மூச்சு நின்றுவிடுகிறது. ரூபியஸ் கைகளை இடுப்புத்துணியில் துடைக்கிறான், மறுபடியும் துடைக்கிறான். நிலைப்படிவரை வருகிறான். தெருவில் நல்ல வெயில். "கண்ணு கூசுதும்மா," என்கிறான், உள்ளேயே நின்றுகொண்டு.