முந்நூற்றோராவது வரி

“இந்த வேலையச் செஞ்ச கழுதை யாருண்டு சனிக்கிழமை மேடையிலயே காட்டுறேன், பாருங்க!”

நுஸ்ஹா மேசையில் ஓங்கித் தட்டியதில் கூடப் படிக்கும் அனோஜனின் தேநீர்க் கோப்பை துள்ளியது.

கோபத்துக்குக் காரணம் இருந்தது. ஒரு மென்பொருள் எப்படி இருக்க வேண்டும் என்று வாடிக்கையாளர்கள் எழுதித் தரும் வாக்கியங்களைக் கணினியே வாசித்து, என்ன செய்ய வேண்டும் என்பது ‘செயல்’, எவ்வளவு நன்றாகச் செய்ய வேண்டும் என்பது ‘தரம்’ என்று இரண்டாகப் பிரித்துவிடும் என்பது விரிவுரையாளர் பாலேந்திரன் சேரின் பழைய ஆய்வு. நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு சரி என்று எழுதியிருந்தார். அதையே திரும்பச் செய்து பார்ப்பதுதான் நுஸ்ஹாவின் முதுகலை ஆய்வு. அவளுக்கு வந்ததோ எழுபத்தொன்று.

ஆறு மாதமாகத் தன்னைத்தானே திட்டிக்கொண்டிருந்தவளுக்கு இன்றுதான் குட்டு வெளிப்பட்டது. கணினிக்குப் பாடமாகக் கொடுத்த ஐந்நூறு வாக்கியங்களையும் யாரோ ஒருவர் வாசித்து அடையாளமிட்டிருந்தார். முந்நூறு வரை ஒரு குறையும் இல்லை. அதற்குப் பிறகுதான் கூத்து.

“பாருங்க அனோஜன். ‘நோயாளியின் பெயரைப் பதிய வேண்டும்’, செயல். சரி. ‘மூன்று விநாடிக்குள் திறக்க வேண்டும்’, அதுவும் செயலாம்! இருநூறுக்கும் கண்ண மூடிட்டு ஒரே சொல்லு. கம்ப்யூட்டரும் கண்ண மூடிட்டு செயல், செயல்ண்டு சொல்லி மார்க்ஸ் வாங்கியிருக்கு.”

“ஆருக்கோ அவசரம் போல.”

“என்ன அவசரம்? ரெண்டாம் வருஷ லீவுல நானும் ஆறு பேருக்கு இந்த வேலை செஞ்சு குடுத்திருக்கேன். ஒவ்வொரு வரியா வாசிச்சுத்தான் போடணும். மனசாட்சி வேணாமா?”

சூட்டோடு சூடாக பாலேந்திரன் சேரின் அறைக்குப் போனாள். அடுத்த மாதம் அவருக்குப் பேராசிரியர் பதவிக்கான நேர்முகம். அவள் சொன்னதைக் கேட்டதும் மனிதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“ஓம் பிள்ளை, நீங்கள் சொல்லுறது சரி. நான் பார்த்திருக்க வேணும். பார்க்கேல்லை.”

“அடையாளம் போட்டது யாரு சேர்?”

“அதைக் கேளாதேங்கோ. பிழை எண்டு எழுதுறதெண்டா என்ர பேரை எழுதுங்கோ.”

“அப்ப அவங்க அடையாளம் போட்டுத் தந்த அந்த முதல் ஃபைலையாவது தாங்க சேர். அது இல்லாம என்ட ஆய்வு முடியாது.”

“அனுப்புறன். ஆனா பேர் இராது.”

வெளியே வந்ததும் நுஸ்ஹா பொரிந்து தள்ளினாள்.

“வேண்டப்பட்ட ஆள் போல, மூடி மறைக்கிறார்! நேர்முகம் வருதுல்ல, பயம்!”

“பயமெண்டா பிழையை மற்ற ஆளின்ர தலையிலதானே போட்டிருப்பார்?” என்றான் அனோஜன். அவள் காதில் அது ஏறவில்லை.

வெள்ளி பின்னேரம் ஃபைல் வந்தது. பெயர் இருந்த இடம் வெறுமை. நுஸ்ஹா நேரே முந்நூற்றோராவது வரிக்குப் போனாள். பெட்டியின் மூலையில் ஒரு குட்டிச் சிவப்பு முக்கோணம். யாரோ குறிப்பு எழுதி வைத்திருக்கிறார்கள். தொட்டாள், விரிந்தது. வாசித்தாள். இன்னொரு தரம் வாசித்தாள்.

“என்னவாம்?”

“ஒண்ணுமில்ல. கம்பளை பஸ் போயிரும்” என்று பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டாள்.

சனிக்கிழமை, ஆய்வுத் தினம். மண்டபத்தில் கதிரை காலியில்லை. நேர்முகம் செய்யப்போகும் பேராசிரியர்களில் இருவரும் வந்திருந்தார்கள். நுஸ்ஹா மேடையேறித் தன் ஆய்வைச் சொல்ல, திரையில் இருநூறு ‘செயல்’ வரிசையாக இறங்கியபோது சபை சிரித்தது. முன்வரிசையில் பாலேந்திரன் சேர் எழுந்து நின்றார்.

“அந்தப் பிழைக்கு நான்தான்...”

“சேர், கொஞ்சம் இருங்க” என்று நுஸ்ஹா தடுத்தாள். திரையில் அந்தக் குறிப்பு பெரிதாக விழுந்தது.

‘நாளைக்குப் பெருநாள். வட்டிலப்பத்துக்கு முட்டை அடிக்க உம்மா கூப்பிடுறா. இதுக்குக் கீழ எல்லாத்துக்கும் சும்மா செயல்ண்டு போட்டிருக்கேன். பெருநாள் முடிஞ்சு வந்து திருத்தணும்.’

மண்டபம் குலுங்கியது. பின்வரிசையிலிருந்து அனோஜன் கத்தினான்.

“கழுதையைக் காட்டுறன் எண்டு சொன்னீர். எங்கை?”

“மைக்கப் புடிச்சிட்டு நிக்குதே, தெரியல்லயா?”

சபை முதலில் புரியாமல் விழித்தது. பிறகு கைதட்டல் ஓயவே இல்லை. நுஸ்ஹாவுக்கு வெட்கமும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன.

பாலேந்திரன் சேர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“உங்கட பேரைக் கவனமா அழிச்சனான் பிள்ளை. உம்மான்ர வட்டிலப்பத்தைக் காணாமல் விட்டிட்டன்!”