தலைவர் நட்ட நந்தியாவட்டை

ரெஜினா கிளை நுனியை நகத்தால் கீறினாள்.

பால் வரவில்லை.

நந்தியாவட்டைக்கு உயிர் இருந்தால் பால் வரும். போயிருந்தால் வராது. இதில் மழுப்ப இடமே இல்லை.

போன வாரம் அதன் வேரை அறுத்தவள் அவள்தான். குடியிருப்பின் தண்ணீர்த் தொட்டிச் சுவரைப் பிளந்துகொண்டு வேர் உள்ளே போயிருந்தது. செடியையே பிடுங்கி எறிந்துவிட்டு டைல்ஸ் ஒட்டிவிடலாம் என்றது சங்கக் கூட்டம். வேரை மட்டும் வெட்டினால் போதும், செடி பிழைத்துக்கொள்ளும் என்று எழுந்து சொன்னது அவள் ஒருத்தி. தினமும் பூப் பறிக்கிறவர்கள் அத்தனை பேரும் அப்போது செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சரி, ஒரு வாரம் பார்ப்போம் என்றார்கள்.

அரிவாளால் கொத்தவில்லை. ரம்பம் வைத்துச் சீராக அறுத்தாள். குறைந்த வேர் பாரம் தாங்காதே என்று கிளைகளையும் கழித்தாள். காலையும் மாலையும் தண்ணீர் விட்டாள்.

செடி இலையெல்லாம் உதிர்த்துவிட்டு நின்றது.

கீழ்வீட்டு அம்சவேணி காலிப் பூக்கூடையோடு வந்து எட்டிப் பார்த்தாள்.

"நல்லாத்தான் பூத்துட்டிருந்துச்சு. நீங்க வைத்தியம் பாக்கிறவரைக்கும்."

வாசலில் டைல்ஸ்காரர் டேப்பை இழுத்து அளந்துகொண்டிருந்தார்.

செடிக்குப் பக்கத்தில் கல்வெட்டு. கறுப்புக் கிரானைட், தங்க எழுத்து. 'சங்கத் தலைவர் திரு. குலசேகரன், பி.ஏ., பி.எல்., அவர்களின் பொற்கரங்களால் நடப்பட்டது.' நட்ட அன்று செடி முழங்கால் உயரம். கல் இடுப்பு உயரம். இப்போது கல் கொஞ்சம் சாய்ந்திருந்தது.

தண்டைச் சுற்றி மண்ணைக் கிளறினாள். விரலில் ஏதோ வழவழவென்று தட்டியது.

கறுப்பு பிளாஸ்டிக்.

நர்சரிப் பை.

வேர்கள் அதற்குள்ளேயே சுற்றிச் சுற்றிக் கயிறாகத் திரிந்து கிடந்தன. ஒரு மூலையில் பை கிழிந்திருந்தது. அந்த வழியாக ஒரே ஒரு வேர், தப்பித்தோம் பிழைத்தோம் என்று தொட்டியைப் பார்த்து ஓடியிருக்கிறது.

அதைத்தான் அவள் அறுத்திருக்கிறாள்.

செடி நட்ட விழா ஞாபகம் வந்தது. பையைக் கிழித்தால் வெள்ளை வேட்டியில் மண் சிந்தும். தலைவர் பையோடு குழியில் இறக்கினார். போட்டோ எடுத்தார்கள். கை தட்டினார்கள்.

அவளும்தான் தட்டினாள்.

பிளேடை எடுத்தாள். பையைக் கீறி, தோலை உரிப்பதுபோல் உரித்தாள். முறுக்கிக் கிடந்த வேர்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டாள். மண்ணை அணைத்தாள்.

முதல் மாடி பால்கனியிலிருந்து குலசேகரனின் குரல்.

"என்ன ரெஜினாம்மா, இருக்கா, போச்சா?"

தண்டின் அடியில், மண்ணை ஒட்டி, கடைசியாக ஒரு கீறல்.

ஒரு பொட்டு.

வெள்ளையாக.

அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

"இருக்கு சார்!"

"இருக்காம என்ன?" காபி டம்ளரோடு கையை உயர்த்திக் காட்டினார். "நட்ட கை அப்படி. யோவ் டைல்ஸு, நீ கிளம்புய்யா!"

டேப் விர்ரென்று சுருண்டது.

அம்சவேணி கையெடுத்துக் கும்பிட்டாள். செடியையா, பால்கனியையா என்று தெரியவில்லை.

ரெஜினா மேலே பார்த்தாள். கையிலிருந்த பையைப் பார்த்தாள். சொல்ல வாயெடுத்தாள். வாசலில் டைல்ஸ்காரர் இன்னும் வண்டியைக் கிளப்பவில்லை.

"ஆமா சார்," என்றாள்.

பையை நாலாக மடித்தாள். எட்டாக மடித்தாள். கல்வெட்டுக்கு அடியில், சாய்ந்த பக்கமாகத் திணித்து, குதிகாலால் இறுக்கினாள்.

கல் நேராக நின்றது.